மாவட்டத்துக்கு ஒரு இடம்

சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளியைப் பெருக்க ஆள் வராது. அதனால் மாடி வகுப்பறையை நானே பெருக்கி, கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து, ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுத்தான் பிள்ளைகளை உள்ளே விடுவேன். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள் மேடம். இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவள் என்று மட்டும் எழுத முடியாது.

பெயர் ஆனிமேரி. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் யேசுதாஸ் ஓர் அலுவலகத்தில் கிளார்க். ஒரே மகள் ஜெசிந்தா, எட்டாம் வகுப்பு. வீடு வண்டியூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி.

சனிக்கிழமை வகுப்பு ஓர் அறக்கட்டளை நடத்துவது. மாவட்டம் முழுவதும் அரசுப் பள்ளி, மிஷன் பள்ளி என்று பார்க்காமல் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, பாடப்புத்தகத்தில் இல்லாததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மீத்திறன் குழந்தைகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. தெருவில் பார்க்கிற பெற்றோர் எல்லோரும் தங்கள் பிள்ளைக்கு அது இருக்கிறது என்கிறார்கள். "எம்பையன் மூணு வயசுலயே ரோட்டுல போற கார் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவான் டீச்சர்" என்று ஒருவர். அபாகஸில் கோப்பை வாங்கியிருக்கிறாள் என்று இன்னொரு அம்மா. காரின் பெயர் காரின் பின்னாலேயே எழுதியிருக்கிறது என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்வதில்லை. சிரித்துவைப்பேன். வருடக்கணக்காகச் சிரித்துவைத்தால் ஒரு மனுஷிக்கு எவ்வளவு எரிச்சல் சேரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்களும் அரசு வேலையில், குழந்தைகள் நல அதிகாரியாகத்தானே இருக்கிறீர்கள்.

வகுப்பின் முடிவில் ஒரு தேர்வு உண்டு. அதில் முதலாவதாக வரும் பிள்ளையைக் கோயம்புத்தூர் பக்கம் இருக்கிற உறைவிடப் பள்ளிக்கு அழைத்துக்கொள்வார்கள். கல்லூரி முடியும்வரை அவர்கள் பொறுப்பு. பிள்ளை மட்டும் போக வேண்டியதில்லை, குடும்பமே போகலாம். குடியிருக்க வீடு, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வளாகத்துக்குள்ளேயே வேலை. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? மாவட்டத்துக்கு ஒரு இடம். மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளை. ஒரே ஓர் இடம். இந்தக் கணக்கைப் போட்டவர் ஏதோ ஓர் ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் விசாரிக்கவில்லை.

ஜெசிந்தா நன்றாகப் படிக்கிற பெண். சொல்லிக்கொடுத்ததை மறக்க மாட்டாள். காலையில் நான் எழுப்பும் முன்பே எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அம்மாவாக அவளைப் பார்த்தால் எனக்குப் பெருமை. டீச்சராகப் பார்த்தால் எனக்குத் தெரியும், நன்றாகப் படிப்பது வேறு, அது வேறு. அந்த இன்னொன்று பாண்டீஸ்வரியிடம் இருந்தது.

உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளியில் அவளும் எட்டாவதுதான். அப்பா ஆண்டிச்சாமிக்கு மானாவாரி நிலமும் நாலு மாடும். அம்மா ஒச்சாயி. சனிக்கிழமை காலையில் டவுன் பஸ் பிடித்து வருவாள். அவளைப் பஸ் ஏற்றிவிடுவது தாய்மாமன் தங்கப்பாண்டி. உசிலம்பட்டி சந்தைக்குப் பக்கத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர். மருமகள் மேல் உயிர் அவருக்கு. அவள் உட்கார இடம் கிடைக்கும்வரை கண்டக்டரோடு மல்லுக்கு நிற்பாராம்.

அந்தப் பெண் என்ன கேட்டாள் என்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் எல்லோரையும் தெப்பக்குளத்துக்கு அழைத்துப்போய், குளத்துக்குள் இறங்காமல் அதன் அகலத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். ஜெசிந்தா நான் சொல்லிக்கொடுத்த முக்கோண முறையில் அழகாகப் போட்டுக் காட்டினாள். பாண்டீஸ்வரி படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "மிஸ், வெயிலுக்குத் தண்ணி வத்துதுல்ல. குளம் கீழ போகப் போகச் சின்னதாகுது. அப்ப கீழ்ப்படி சீக்கிரம் வத்திருமா, இல்ல மேப்படி மாதிரியேதானா?"

கீழே தண்ணீர் குறைவு, அதனால் சீக்கிரம் வற்றும் என்று சொல்லிவிட்டேன். அவள் குனிந்து கீழ்ப்படிகளை எண்ணினாள். "இல்ல மிஸ். தண்ணி எம்புட்டுக் கொறையுதோ, வெயில் படுற எடமும் அம்புட்டுக் கொறையுது. ரெண்டும் ஒண்ணாக் கொறைஞ்சா ஒரே நேரந்தான் ஆகும்." அன்று வீட்டுக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. இதற்கான கணிதத்தை நான் கல்லூரியில்தான் படித்தேன். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா போடுற?" என்றாள். ஒன்றுமில்லை என்று தாளை மடித்தேன்.

எனக்கு வந்தது பொறாமை என்று எழுதாதீர்கள். அலுப்பு. என் மகள் எவ்வளவு ஓடினாலும் அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்னால் இருந்தாள். ஓடுகிற பிள்ளையைத் தினமும் பார்க்கிறவள் நான். யாரிடம் போய் முறையிடுவது? பூசையில் முழங்கால் போட்டும் கேட்டுப் பார்த்தேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வகுப்பு நடுவில் பாண்டீஸ்வரி எழுந்து வந்து என் சேலை நுனியைப் பிடித்தாள். வயதுக்கு வந்துவிட்டாள். அன்று நான் செய்தது எதிலும் குறை சொல்ல முடியாது. ஓய்வறைக்கு அழைத்துப்போய் வேண்டியதைக் கொடுத்து, பயப்படாதே என்று சொல்லி, சூடாகப் பால் வாங்கிக் கொடுத்தேன். அவள் பயந்தது அதற்கில்லை.

"மிஸ், வீட்ல தெரிஞ்சா குச்சுல உக்கார வச்சுருவாக. பதினாறு நாளு வெளிய விட மாட்டாக. பரிச்ச போயிரும்" என்றாள்.

"உங்க மாமாட்ட நான் பேசவா?"

"மாமா ரொம்ப நல்லவரு மிஸ். ஆனா இதுல மட்டும் விட மாட்டாரு."

நான் முதல் ஆறு வருடம் உசிலம்பட்டியில்தான் வேலை பார்த்தேன். அங்கே இது எப்படி என்று எனக்குத் தெரியும். பெண் பெரியவளானால் முதல் சேதி தாய்மாமனுக்குப் போக வேண்டும். அவர்தான் பச்சை ஓலை வெட்டிவந்து வாசலில் குச்சு கட்டுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி அதில் அவளை உட்கார வைப்பார்கள். பிறகு தாம்பாளம் தாம்பாளமாக மாமன் சீர் வரும். பெண் பிறந்த நாளிலிருந்து ஒரு மனிதர் அந்த நாளுக்காகக் காத்திருப்பார். அவரிடம் மறைப்பது என்பது, நீ எங்களுக்கு ஒருத்தனே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல. ஜெசிந்தா போன வருடம் பெரியவளானபோது நாங்கள் கேக் வெட்டினோம். மறுநாள் அவள் திருப்புதல் தேர்வு எழுதினாள். எங்களுக்கு அவ்வளவுதான்.

சாயங்காலம் ஒச்சாயி போன் செய்தாள். மகள் சொல்லியிருக்கிறாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "டீச்சர், எனக்கும் அவளுக்குந்தான் தெரியும். அவ அப்பாவுக்குக்கூடச் சொல்லல. பரிச்ச எழுதிட்டு வந்துரட்டும். அப்பறம் அண்ணன் கால்ல விழுந்து நானே சொல்லிக்கிறேன். நீங்க மட்டும் வாய் தெறக்காதீக. எம்புள்ள என்னை மாதிரி சாணி அள்ளக் கூடாது டீச்சர்."

சொல்ல மாட்டேன் என்றேன். மாதா படத்துக்கு முன்னால் நின்றுதான் சொன்னேன். அப்போது அதை மனதார நினைத்தே சொன்னேன்.

தேர்வுக்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. குடும்பமே இடம் மாறத் தயாரா என்று கேட்க வேண்டும். அதற்காகத்தான் உசிலம்பட்டி போனேன். ஊருக்குப் போகிற பஸ் வர நேரமாகும் என்றார்கள். தங்கப்பாண்டியின் கடை எதிரிலேயே இருந்தது. போய் நின்றேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். தீவனப் புழுதி படாமல் என் பையைத் தானே எடுத்து மேசைமேல் வைத்தார். நல்ல மனிதர் என்று பாண்டீஸ்வரி சொன்னது பொய்யில்லை.

நான் சொன்னது ஒரே வாக்கியம். "என்ன அண்ணே, மாமன் சீரெல்லாம் தடபுடலா ஏற்பாடு நடக்கும்ல?"

யோசித்துப் பார்த்தால் அது ஒரு வாழ்த்து. வாழ்த்துச் சொல்வது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

"என்ன சீரு டீச்சர்?" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "அய்யய்யோ, உங்களுக்குத் தெரியாதாண்ணே? அவ வகுப்புல வச்சுத்தான... சரி விடுங்க, நான் ஒண்ணும் சொல்லல" என்றேன். அவர் கையிலிருந்த புண்ணாக்கை மூட்டைக்குள் போட்டார். மறுபடி எடுத்தார். மறுபடி போட்டார். "என்னைக்கு டீச்சர்?" என்று கேட்டார். சனிக்கிழமை என்றேன். அன்று புதன்கிழமை. நான் கலரைக் குடித்து முடித்துவிட்டுப் பஸ் ஏறி மதுரைக்கே திரும்பிவிட்டேன். இனி அந்தக் குடும்பத்தைப் பார்த்துப் பேச ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

அதன்பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பாக முடியாது. தங்கப்பாண்டி தெருவில் நின்று கத்தியிருக்கிறார். ஆண்டிச்சாமிக்கு வேறு கோபம். விஷயம் தெரியாமல் திங்கட்கிழமை குலசாமி கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். தீட்டு வீட்டிலிருந்து போய்ச் சாமியைத் தொட வைத்துவிட்டாளே என்று ஒச்சாயியை அடித்திருக்கிறார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பெண்ணுக்குச் சீர் கிடையாது, அந்த வீட்டுக்கு மரியாதை கிடையாது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். தங்கப்பாண்டி ஓலை வெட்டிவரச் சம்மதித்தார், பாண்டீஸ்வரி தன் மகன் சூரியபிரகாஷுக்குத்தான் என்று சபையில் வாக்குக் கொடுத்தால். கொடுத்தார்கள். வைகாசியில் கல்யாணம் என்றும் பேசிக்கொண்டார்கள். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவார்கள் என்று நான் எப்படி எதிர்பார்ப்பேன்? நான் எதிர்பார்த்தது குச்சு மட்டும்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நீங்கள் என்னை இங்கே அழைத்திருக்கவே மாட்டீர்கள். அவள் முடிய விடவில்லை.

தேர்வு நாளன்று காலை, நான் இட்லி அவித்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பாண்டீஸ்வரி. முகத்தில் மஞ்சள். தலையில் எண்ணெய் வழிந்தது. அம்மாவின் நைட்டியை மாட்டிக்கொண்டு துண்டைப் போர்த்தியிருந்தாள். விடியும் முன் ஒச்சாயியே குச்சிலிருந்து வெளியே விட்டிருக்கிறாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் கையில் ஒரு ரூபாய்கூட இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டாள். கணவர் அன்று வெளியூரில் இருந்தார்.

"பரிச்ச எழுதிட்டு வாரேன்னு அம்மாட்டச் சொல்லிட்டு வந்தேன் மிஸ். அப்பறம் அடிச்சாலும் பரவாயில்ல" என்றாள்.

ஜெசிந்தா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். தன் சுடிதாரைக் கொடுத்தாள். தன் பேனாக்களில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து, இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு பகா எண்களைப் பற்றிப் பேசினார்கள். நான் ஊற்றிய சட்னியைக்கூடக் கவனிக்கவில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு நல்ல பிள்ளைகள், ஓர் இடம். உங்கள் மனதைத் தொட்டுச் சொல்லுங்கள், என் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தப் பிள்ளையின் தட்டில் இன்னொரு இட்லி வைப்பீர்கள்? நான் இரண்டு பேருக்கும் வைத்தேன்.

பிறகு கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லருகே நின்று தங்கப்பாண்டிக்குப் போன் செய்தேன். அவர் ஏற்கெனவே வண்டி எடுத்துக்கொண்டு தேடிக் கிளம்பியிருந்தார், செக்கானூரணி தாண்டிவிட்டார். ஒரு வயதுவந்த பெண் காணாமல் போனால் வீட்டில் எப்படித் துடிப்பார்கள் என்று நானும் ஒரு தாயாக நினைத்துப் பார்த்தேன். தகவல் சொல்வது என் கடமை.

பாண்டீஸ்வரியிடம், "மாமா தேர்வு நடக்கிற இடத்துக்குத்தான் முதல்ல வருவாரு. நீ இப்பவே வந்தா வாசல்லயே புடிச்சுருவாரு. மணியடிக்கிற நேரத்துக்கு உன்னைக் கூட்டிப் போக ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் கதவை வெளிய பூட்டிட்டுப் போறேன், யாரு தட்டினாலும் சத்தம் காட்டாத" என்றேன். தலையாட்டினாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். எங்கள் வழக்கமில்லை அது, ஆனாலும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தேன்.

ஆட்டோவில் ஜெசிந்தாவை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் நிறுத்தச் சொன்னேன். அங்கே நின்றிருந்தவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். "யாரும்மா அது?" என்றாள் ஜெசிந்தா. அவள் தங்கப்பாண்டியைப் பார்த்ததே இல்லை. பாண்டீஸ்வரியை அழைத்துவரப்போகிற அண்ணன் என்றேன். அதுவும் பொய்யில்லை. தேர்வு அறையில் பக்கத்து இருக்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எழுதினேன் என்று ஜெசிந்தா வந்து சொன்னாள். அப்படி எழுதியும் முதலாவதாக வந்துவிட்டாள். உழைத்த பிள்ளை.

ஜெசிந்தாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டீர்கள். ஃபிளெக்ஸ் பேனரால் தெரிந்தது. தேர்வு முடிந்தபின் ஒருநாள், கீழக்குயில்குடி மலையில் சமணர் படுகையைக் காட்ட வகுப்புப் பிள்ளைகளைத் தேனி ரோட்டில் அழைத்துப்போனேன். வழியில் ஒரு மண்டப வாசலில் பூப்புனித நீராட்டு விழா என்று பேனர். கிரீடம் வைத்த பாண்டீஸ்வரி நடுவில், அவளைவிடப் பெரிதாகக் கும்பிட்டபடி தாய்மாமன் தங்கப்பாண்டி. டிராபிக்கில் வண்டி அங்கேயே நின்றுவிட்டது. ஜெசிந்தா அந்தத் தாய்மாமனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மலையிலிருந்து திரும்பும்போது என் பக்கத்தில் உட்காராமல் பின் இருக்கைக்குப் போய்விட்டாள். உங்கள் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசியது யார் என்று நீங்கள் சொல்லக் கூடாது, எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே விடையை மறைக்காமல் எழுதிப் பழக்கமாகிவிட்டது.

இப்போது கோயம்புத்தூருக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். நான் வைக்கிற சாப்பாட்டைத் தொடுவதில்லை. நீங்கள் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் மேடம். எல்லாரும் அந்த இடத்தைக் கிடைக்காத இடம் என்கிறார்கள், இவள் கிடைத்ததை வேண்டாம் என்கிறாள். அங்கே வகுப்பு ஆரம்பித்துவிட்டால் வேறு பிள்ளைக்குப் போய்விடும். மறுதேர்வு வைத்தால் யாருக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியும்.

கல்யாணத்தை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். பாண்டீஸ்வரி காப்பகத்தில் இருக்கிறாள் என்றீர்கள். நல்லது. அவள் உங்களிடம் சொன்னதையும் சற்று முன் நீங்களே படித்துக் காட்டினீர்கள். "மிஸ்ஸு என்னை ஒளிச்சு வச்சுக் காப்பாத்தத்தான் பார்த்தாக. மாமா எப்பிடியோ அவுககிட்ட இருந்து சாவியப் புடுங்கிட்டாரு. மிஸ்ஸுக்கு ஏதும் அடிபட்டுச்சா?"

அடிபடவில்லை. அவர் பிடுங்கவும் இல்லை. போன் செய்து வரச்சொன்னவள் நான், கையில் சாவியை வைத்தவளும் நான். கடையில் போய்ச் சொன்னதும் வாய்தவறி இல்லை. பஸ்ஸில் போகும்போதே அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தப் பெண்ணிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவ்வளவு அறிவுள்ள பிள்ளைக்குத் தன்னை நேசிக்கிற டீச்சர் ஒருத்தியாவது இருக்கிறாள் என்ற தைரியம் வேண்டும், அதை நான்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.